முதுகில் எண்ணுடன் பெயரையும் சேர்த்தவர்: அமெரிக்க பேஸ்பால் அணி உரிமையாளர் பில் வீக்கின் வாழ்க்கை

விளையாட்டு வீரர்களின் சீருடையில், முதுகுப் பக்கத்தில் அவர்களது பெயரைப் பொறிக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் காணப்படுகிறது. அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டிகளில் இவ்வழக்கத்தை 1960-ஆம் ஆண்டு தொடங்கிவைத்தவர், சிகாகோ வொயிட் சாக்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் பில் வீக்.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி சிகாகோவில் பிறந்தவர் வீக். அவருடைய தந்தை சிகாகோ கப்ஸ் அணியின் தலைவராகப் பணியாற்றியவர். சிறுவயதில் அந்த அணியின் மைதானத்தில் பாப்கார்ன் விற்ற வீக், 1933-இல் தந்தை காலமானதும் கல்லூரிப் படிப்பை இடைநிறுத்திவிட்டு, அதே அணியின் அலுவலகத்தில் சேர்ந்தார். 1941-இல் மில்வாக்கி நகரின் சிறிய அணி ஒன்றைக் கூட்டாளியுடன் சேர்ந்து வாங்கினார்.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து பசிபிக் பகுதிக்குச் சென்றார். அங்கு, சுடும்போது பின்னோக்கி வந்த பீரங்கி மோதியதில் அவரது கால் நசுங்கியது. 1946-இல் பாதத்தையும் பின்னர் காலின் பெரும்பகுதியையும் இழந்த அவர், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் மரக்காலுடனேயே நடமாடினார்.

கிளீவ்லாந்து அணியை அவர் வாங்கியதும் அதே 1946-இல்தான். மறு ஆண்டு ஜூலையில் லாரி டோபி என்ற கறுப்பின வீரரை அணியில் சேர்த்தார். அமெரிக்கன் லீகில் ஆடிய முதல் கறுப்பின வீரர் டோபி. முதல் நாளன்று சக வீரர்கள் சிலர் அவருடன் கைகுலுக்கவும் மறுத்தனர். மறு ஆண்டு, 42 வயதான மூத்த கறுப்பின வீரர் சாட்சல் பேஜையும் வீக் ஒப்பந்தம் செய்தார். அவ்வாண்டே கிளீவ்லாந்து அணி உலகத் தொடரை வென்றது.

வீக்கின் புகழுக்கு அவரது வேடிக்கைகளும் காரணம். 1951-இல் செயின்ட் லூயிஸ் அணியின் உரிமையாளராக இருந்தபோது, 3 அடி 7 அங்குல உயரமே கொண்ட எடி கெய்டலை மட்டையாளராகக் களமிறக்கினார். கெய்டலின் சீருடையில் எட்டில் ஒன்று என்ற பின்னம் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருந்தது. இதைச் சக உரிமையாளர்கள் விளையாட்டுக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கருதினர்.

1959-இல் வொயிட் சாக்ஸ் அணி அவர் வசம் வந்தது. 40 ஆண்டுகளுக்குப் பின் அவ்வணி அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்றதும் அவ்வாண்டில்தான். அடுத்த பருவத்தில் வீரர்களின் பெயர்கள் சீருடையில் இடம்பெற்றன.

அதுவரை வீரர்களுக்கு எண் மட்டுமே அடையாளம். 1929-இல் நியூயார்க் யாங்கீஸ், கிளீவ்லாந்து அணிகள் அதை நிலையான வழக்கமாக்கியிருந்தன. எந்த எண் யாருடையது என்பதை அறிய, ரசிகர்கள் மைதானத்தில் விற்கப்படும் ஸ்கோர் அட்டையை வாங்க வேண்டும். பெயர் வெளிப்படையாகத் தெரிந்தால் அந்த வருமானம் குறையும் என்ற அச்சம் உரிமையாளர்களிடம் இருந்தது. வீடுகளில் தொலைக்காட்சி வழியே ஆட்டம் பார்ப்போரிடமோ அந்த அட்டையே இல்லை. அவர்களுக்கும் வீரரை அறிமுகப்படுத்த வேண்டும் என்பதே வீக்கின் எண்ணம்.

தொடக்கத்தில் தடுமாற்றமும் நேர்ந்தது. டெட் குளுசெவ்ஸ்கி என்ற வீரரின் நீண்ட பெயரில் ஓர் எழுத்து தலைகீழாகவும் மற்றோர் எழுத்து தவறாகவும் தைக்கப்பட்டிருந்தன. ஆயினும் புதுமை நிலைத்தது. அதே 1960-இல் தொடங்கிய அமெரிக்கன் கால்பந்து லீகும் வீரர் பெயர்களை ஏற்றது. நியூயார்க் யாங்கீஸ் மட்டும் தனது வழக்கமான சீருடையில் இன்றளவும் பெயரைச் சேர்க்கவில்லை.

உடல்நலக் குறைவால் 1961-இல் அணியை விற்ற வீக், வீரர்களின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தார். வீரரை ஒரே அணியுடன் பிணைத்துவைத்த ஒப்பந்த விதியை எதிர்த்து கர்ட் ஃபிளட் தொடுத்த வழக்கில், 1970-இல் ஃபிளட்டுக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். அப்போது களத்தில் ஆடிவந்த வீரர் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல முன்வரவில்லை.

1975-இல் வொயிட் சாக்ஸை மீண்டும் வாங்கினார். 1978-இல் லாரி டோபியை அணியின் மேலாளராக நியமித்தார். இதற்கிடையில் அந்த ஒப்பந்த விதி தளர்ந்து, வீரர்களின் ஊதியம் வேகமாக உயர்ந்தது. பெருஞ்செல்வம் இல்லாத வீக்கால் அதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. தாம் ஆதரித்த மாற்றமே தமக்குச் சுமையான நிலையில், 1981-இல் அணியை விற்று விலகினார்.

1986-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி, 71-ஆவது வயதில் அவர் காலமானார். 1991-இல் பேஸ்பால் புகழரங்கில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது.

1992-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் கிரிக்கெட் வீரர்களின் வண்ணச் சீருடைகளில் பெயர்கள் இடம்பெற்றன. டெஸ்ட் போட்டிகளின் வெள்ளைச் சீருடையில் 2019-இல் பெயரும் எண்ணும் சேர்ந்தன. இந்திய வீரர்களும் அவ்வாண்டு ஆகஸ்டில் மேற்கிந்தியத் தீவுகளில் தொடங்கிய டெஸ்ட் தொடர் முதல் பெயர் தாங்கிய வெள்ளைச் சீருடையில் களமிறங்கி வருகின்றனர்.