கத்தியை மறைத்தவர், அறிவை மறைக்காதவர்

சத்திரசிகிச்சைக் கூடத்தில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் கத்திகளையும் கொளுக்கிகளையும் இடுக்கிகளையும் காணும்போது, அவற்றின் முன்னோடிகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே படம் வரைந்து விளக்கிய மருத்துவரை நாம் நினைவுகூர்வது அரிது. அவரே, ஐரோப்பா அபுல்காசிஸ் என அறிந்த அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி.

முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில், குர்துபா நகருக்கு அண்மையில் எழுந்த மதீனதுஸ் ஸஹ்ராவே அவரது பெயருக்குக் காரணமான ஊர். 936ஆம் ஆண்டளவில் பிறந்த அவர், நீண்டகால வைத்திய அனுபவத்தை 'அல்-தஸ்ரீஃப்' என்னும் 30 பாகங்கள் கொண்ட பெருநூலாக 1000ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தார். அதன் இறுதிப் பாகம் சத்திரசிகிச்சைக்குரியது. ஏறத்தாழ 200 உபகரணங்கள் அதில் இடம்பெற்றுள்ளன.

இத்துணை உழைப்புக்குக் காரணம் அவர் கண்ணாரக் கண்ட துயரங்களே. உடற்கூறு அறியாத ஒரு வைத்தியர், பெண்ணொருத்தியின் கழுத்துக் கட்டியை அறுக்கையில் நாடியையும் அறுத்துவிட, அவள் குருதி பெருகி அங்கேயே மாண்டாள். வேறொருவர் முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பையிலிருந்து கல்லை எடுக்க முற்பட்டு, பையின் ஒரு பகுதியையும் சேர்த்துப் பிய்த்தெடுத்தார். அம்முதியவரும் சில நாட்களில் உயிர் துறந்தார். இத்தகைய தவறுகளை மூடி மறைக்காது, மாணவர்களுக்கு எச்சரிக்கையாகப் பதிவு செய்தவர் அல்-ஸஹ்ராவி.

கருவிகளிலும் அவரது கருணை வெளிப்பட்டது. சீழ்க்கட்டியைக் கீறுவதற்கு, நோயாளி கண்டு அஞ்சாதவாறு அலகு உள்ளே மறைந்திருக்கும் கத்தியை அவர் விவரித்தார். தொண்டைச் சதையை அகற்றுகையில் நாவை அழுத்திப் பிடிக்கும் தகடு, பற்களின் கறையைச் சுரண்டும் கருவிகள், காயத்தைத் தைக்க விலங்குக் குடலிலிருந்து பெற்ற நூல் என அவர் எழுதியவை பல.

அவர் ஏறத்தாழ 1013இல் மறைந்தார். அதற்குச் சற்று முன்னரே உள்நாட்டுக் கலகம் மதீனதுஸ் ஸஹ்ராவைச் சூறையாடியிருந்தது. மாளிகைகள் மண்ணாயின, நூலோ வாழ்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் தொலேடோ நகரில் கிரெமோனாவின் ஜெராட் அதன் சத்திரசிகிச்சைப் பாகத்தை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதனைப் பயின்றனர்.

கிரேக்க மருத்துவரான ஏஜினாவின் பவுலிடமிருந்து பெற்றதை அரபியில் வளர்த்து, இலத்தீன் உலகுக்கு வழங்கிய வாழ்வு அது. அறிவுக்கு இனமும் மதமும் வேலியாவதில்லை. தாம் அறிந்ததை மறைத்து வைப்போரால் அன்றி, பிறர் உயிர் பிழைக்க வேண்டும் எனப் படம் வரைந்து பகிர்ந்தோராலேயே மருத்துவம் வளர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.