பட்டாணிகளை எண்ணிய துறவி

ஆஸ்திரியப் பேரரசின் சிலேசியப் பகுதியில், 1822ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் யோகான் மெண்டல். அவரது படிப்பைத் தொடர வீட்டில் பொருள் இல்லை. இளைய தங்கை தம் சீதனத்தில் ஒரு பங்கை அண்ணனின் கல்விக்காக விட்டுக்கொடுத்தார். 1843இல் மெண்டல் புருன் நகரத்து மடத்தில் சேர்ந்து, கிரிகோர் என்னும் பெயர் ஏற்றார். அந்நகரம் இன்று செக் குடியரசில் பெர்னோ என வழங்குகிறது. 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தோல்வியுற்ற அவரை மடம் வியன்னா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. அங்கே கற்ற இயற்பியலும் கணக்கும் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தன. 1856இல் எழுதிய தேர்விலும் வெற்றி கிட்டவில்லை. அவ்வாண்டில்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார்.

மொட்டு விரியுமுன்பே மகரந்தத்தாள்களை நீக்கிவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவினார். இவ்வாறு உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது கிடைத்த விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அவற்றை முளைக்கவைத்துத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டார். மறைந்துபோன சுருக்கம் மீண்டும் தோன்றியது.

இதுவரை பிறரும் கண்டிருந்தனர். அவர்கள் கண்டதை விவரித்தனர், மெண்டல் எண்ணினார். 253 செடிகளில் கிடைத்த 7324 விதைகளுள் 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. வகுத்துப் பார்த்தால் 2.96க்கு 1. விதையின் நிறத்திலும் அவ்வாறே: 8023 விதைகளுள் 6022 மஞ்சள், 2001 பச்சை.

ஆயினும் ஒவ்வொரு செடியும் இக்கணக்கிற்குக் கட்டுப்பட்டு நிற்கவில்லை. ஒரு செடியில் 43 உருண்டை விதைகளும் 2 சுருங்கிய விதைகளும் இருந்தன. மற்றொன்றில் 14 உருண்டை, 15 சுருங்கியவை! முதற்செடியை மட்டும் கண்டவர் சுருக்கம் அரியது என்பார்; இரண்டாவதை மட்டும் கண்டவர் சரிபாதி என்பார். மெண்டல் இவ்விரண்டையும் விலக்காமல் கணக்கில் சேர்த்தார். கட்டுரையிலும் மறைக்காமல் எழுதினார். விகிதம் புலப்பட்டது மொத்தத் தொகையில்தான்.

அடுத்து எழுந்த ஐயம் நுட்பமானது. உருண்டையாகத் தோன்றும் விதைகள் யாவும் உள்ளேயும் ஒன்றுதானா? அவற்றிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் இருவகையும் தந்தன. ஏறத்தாழ 1க்கு 2. ஆகவே, மூன்று உருண்டைகளுள் ஒன்று தூயது, இரண்டு கலப்பு. பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு காரணி வீதம் இரு காரணிகள் வருகின்றன என்று கொண்டால் எல்லா எண்களும் பொருந்தின.

பொருத்தம் சற்று மிகுதி என்று 1936இல் புள்ளியியலறிஞர் ரொனால்ட் ஃபிஷர் ஐயுற்றார். அவ்விவாதம் நெடுங்காலம் நீடித்தது. எனினும், பிறர் செய்த சோதனைகளிலும் அதே விகிதம் கிடைத்தது.

1865இல் புருன் இயற்கை ஆய்வுக் கழகத்தில் மெண்டல் தம் முடிவுகளைப் படித்தார். மறு ஆண்டு அவை அச்சாயின. பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. பின்னர் ஹாக்வீட் என்னும் செடியில் ஆய்ந்தபோது, பட்டாணியில் கண்ட விகிதம் கிட்டவில்லை. அதையும் அவர் வெளியிட்டார். அச்செடியில் கருவுறாமலேயே விதை உண்டாகிறது என்னும் காரணம் அவர் காலத்தில் தெரிந்திருக்கவில்லை.

1868இல் மடத்தலைவரான மெண்டல், 1884இல் மறைந்தார். 1900இல் டி விரீஸ், காரன்ஸ், செர்மாக் ஆகியோர் தம் ஆய்வுகளில் 3:1 என்னும் விகிதத்தைக் கண்டனர். 34 ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிய மெண்டலின் கட்டுரையில் அது இருந்தது.