பிராங்கிளினாரின் கைப்புத்தகம்

பெஞ்சமின் பிராங்கிளின் என்பார் 1706ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நகரிலே, சவர்க்காரமும் மெழுகுதிரியுஞ் செய்து விற்கும் ஒருவருக்கு மகனாராய்ப் பிறந்தார். பள்ளிப் படிப்பு 10 வயதோடு நின்றது. 12ஆம் வயதிலே தமையனாரின் அச்சுக்கூடத்தில் வேலை பயிலச் சேர்ந்தவர், பின்னர்ப் பிலடெல்பியாவிலே தாமே அச்சுக்கூடம் நடத்துவாராயினார்.

அங்கே இளம்பருவத்திலேயே தங் குற்றங்களைக் களையக் கருதி, 13 நற்குணங்களைத் தெரிந்து, சிறு கைப்புத்தகமொன்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வகுத்தார். பக்கந்தோறும் வாரநாள் ஏழுக்குஞ் சிவப்பு மையாற் கோடு கீறி, இரவிலே அன்றைய நடையை ஆராய்ந்து, தவறியவிடத்துக் கரும்புள்ளி யிடுவார். எல்லாவற்றையும் ஒருங்கே பற்ற முயலாது, வாரத்துக்கு ஒரு குணத்தையே சிறப்பாகப் பேணினார். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. ஒரே நாளிற் பிள்ளையின் பத்துக் குற்றங்களையுந் திருத்தப் புகும் நமக்கு இம்முறை சற்றுப் புதிதே. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் துளைபட்டமையால், பின்பு தந்தத் தகடுகளிற் குறித்துவந்தார்.

முதலில் அவர் வகுத்தவை 12 குணங்களே. நண்பரொருவர் அவரது செருக்கை எடுத்துக்காட்டவே, பணிவு பதின்மூன்றாவதாயிற்று. வாதிலே பிறரை மடக்கும் பழக்கத்தை விடுதற்கு அவர் கொண்ட உபாயம் எளியது. நிச்சயம், ஐயமில்லை என்னுஞ் சொற்களை நீக்கி, எனக்கு இவ்வாறு தோன்றுகின்றது என்றே பேசிவந்தார். ஆயினும் பணிவின் தோற்றமே தமக்கு வாய்த்ததென்பதை அவர் மறைக்கவில்லை.

பொருள்களை உரிய இடத்தில் வைக்கும் ஒழுங்குதான் அவரை மிக வருத்தியது. முதுமையிலே, 1784ஆம் ஆண்டு, தஞ் சரிதத்தில் இவற்றை எழுதியபோதும் அக்குணம் அவருக்கு வசப்பட்டிருக்கவில்லை.