ராமச்சந்திரன் வரைஞ்ச இடம் வலம்

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுத்தி இருக்கிற பூஜைச் சாமான் கடைகள்ல சங்கு கேட்டுப் பாருங்க. எடுத்துக் காட்டுறது இடம்புரியாத்தான் இருக்கும். வலம்புரி அபூர்வம், விலையும் எட்டாது. உங்க உடம்பு புரதங்கள் இதைவிடக் கறார். அவற்றைக் கட்டுற 20 அமினோ அமிலங்கள்ல கிளைசினுக்கு மட்டும் இடம் வலம் கிடையாது. மத்த 19-ம் இடக்கை வகை. இதனால புரதம் எப்படியெல்லாம் மடங்க முடியும்னு வரைஞ்சு காட்டினவர் ஜி.என். ராமச்சந்திரன்.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயருக்கு முன்னால இருக்கிற 'ஜி', திருநெல்வேலிப் பக்கத்து கோபாலசமுத்திரம். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அவர் சேர்ந்தது, நம்புங்க, எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்! சி.வி. ராமன்தான் இயற்பியலுக்கு இழுத்துக்கிட்டார். இப்போ டிபார்ட்மென்ட் மாறணும்னா எத்தனை கையெழுத்து வேணும்னு நினைச்சுப் பாருங்க.

கேம்பிரிட்ஜ் போய் வந்து, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர். எடுத்துக்கிட்டது கொலாஜன், அதாவது தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தர்ற புரதம். சாம்பிள், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைச்ச கங்காரு வால் தசைநாண். கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து 1954-55-ல் அவர் கண்டது ஒரு முப்புரிக் கயிறு: ஒவ்வொரு இழையும் இடப்பக்கம் முறுக்கி, மூணும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கினது.

கிரிக்கும் ரிச்சும் விடல. அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்குன்னு குறை சொன்னாங்க. சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் அலசினார். சசிசேகரன், ராமகிருஷ்ணனோட 1963-ல் வெளியிட்டார் அந்த வரைபடத்தை. ரெண்டு கோணம், ஒரு சதுரம். அதுல பெரும்பகுதி காலி, அணுக்கள் முட்டிக்கும்.

இப்போ அந்தச் சதுரத்தை 180 டிகிரி திருப்புங்க. வலக்கை அமினோ அமிலங்களோட வரைபடம் ரெடி. வலம்புரியா இருந்த ஆல்ஃபா சுருள் இடம்புரி ஆயிடும். விளையாட்டு இல்ல. இப்படி முழுக்கத் திருப்பின கண்ணாடி பாக்டீரியாவை யாரும் செய்யக்கூடாதுன்னு 2024 டிசம்பர்ல 38 விஞ்ஞானிகள் 'சயின்ஸ்' இதழ்ல எச்சரிச்சாங்க. இன்னும் யாரும் செய்யல. செஞ்சா, நம்ம நொதிகளால அதன் புரதத்தைச் சரியா வெட்ட முடியாது, நோய் எதிர்ப்புச் சக்தி கோட்டை விடலாம், பாக்டீரியாவைக் கொல்ற வைரஸ்களும் அதுக்குள்ள பெருக முடியாது.

இதெல்லாம் வரும் முன்னாடியே, 2001 ஏப்ரல்ல சென்னையில் காலமானார். நோபல் கிடைக்கல, எனக்கு அதுல இன்னும் கடுப்புதான். புரோட்டீன் டேட்டா பேங்க்ல ஏதாவது ஒரு புரதத்தோட வேலிடேஷன் ரிப்போர்ட்டைத் திறங்க. 'ராமச்சந்திரன் அவுட்லையர்ஸ்'னு ஒரு வரி இருக்கும்.