அன்பை ஏற்றல்

ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் 1806ஆம் ஆண்டு பன்னிரு மக்களுள் மூத்தவராகப் பிறந்தார். பதினைந்தாம் வயதளவில் பற்றிய நோய் வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. 1840ஆம் ஆண்டு உடல்நலம் தேடி டார்க்கீ கடற்கரை ஊரில் தங்கியிருந்தார். அவருடைய விருப்பத்திற்காகவே உடன் தங்கிய தம்பி எட்வர்டு, படகில் சென்று கடலில் மூழ்கி மாண்டார். அச்சாவுக்குத் தாமே காரணம் என்று எலிசபெத் நம்பினார். தம் அன்பு பிறருக்குக் கேடாகும் என்ற அச்சம் அவர் நெஞ்சில் வேரூன்றியது.

பின்னர் இலண்டன் விம்போல் தெருவில், தந்தையார் இல்லத்து அறையொன்றே அவருக்கு உலகமாயிற்று. 1844இல் வெளிவந்த கவிதைத் தொகுதி பெரும்புகழ் ஈட்டியது. அதனைப் பயின்ற கவிஞர் இராபர்ட் பிரவுனிங் 1845 சனவரியில் முதல் மடல் வரைந்தார். எலிசபெத்தினும் ஆறாண்டு இளையவர் அவர். மே மாதம் நேரிற் கண்டதும் தம் காதலை எழுதி விடுத்தார். அப்பேச்சை மீண்டும் எடுக்கலாகாது என்று எலிசபெத் மறுத்தார். திரும்பி வந்த அம்மடலை இராபர்ட் அழித்துவிட்டார். இருவர் மடல்களில் ஏறத்தாழ 570 இன்றும் உள்ளன. அவ்வொன்று மட்டும் இல்லை.

இராபர்ட் பொறுமையுடன் காத்திருந்தார். அன்பைப் பொழிவது எலிசபெத்துக்குப் பழகிய செயல். தாமும் அன்புக்கு உரியவர் என்று ஏற்பதே அரிதாயிற்று. அந்நாளில் மறைவாக அவர் இயற்றிய 44 பாடல்களில், சாவை எதிர்நோக்கிய உள்ளம் வாழ்வின்பால் திரும்பும் வியப்பும், தமக்குத் தகுதியுண்டோ என்ற ஐயமும், இறுதியில் தெளிவும் படிப்படியே புலனாகின்றன.

மக்கள் எவரும் மணம் புரிதலாகாது என்பது தந்தையாரின் ஆணை. 1846 செப்டம்பர் 12ஆம் நாள், இருவரே சாட்சியாக நிற்க, மேரிலபோன் தேவாலயத்தில் மறைவாகத் திருமணம் நிகழ்ந்தது. ஒரு வாரம் கழித்துக் கணவருடன் இத்தாலிக்குப் புறப்பட்டார். தமிழ் அகமரபு உடன்போக்கு என்று கூறும் அச்செயலைப் புரிந்தபோது அவருக்கு வயது 40. தந்தையார் இறுதிவரை மன்னிக்கவில்லை. மகளின் மடல்கள் பிரிக்கப்படாமலே திரும்பின.

புளோரன்சு நகரில் 1849ஆம் ஆண்டு ஆண்மகவு ஈன்றார். மறைத்து வைத்திருந்த பாடல்களை அவ்வாண்டிலேதான் கணவரிடம் அளித்தார். அவற்றின் அருமையுணர்ந்த கணவரின் வற்புறுத்தலால் 1850இல் அவை அச்சேறின. தம் அகவாழ்வு வெளிப்படாதிருக்க, போர்ச்சுகீசிய மொழியிலிருந்து பெயர்த்தவை போலத் தோன்றும் தலைப்பு சூட்டப்பட்டது.

1861 சூன் 29ஆம் நாள் கணவரின் கைகளிலேயே எலிசபெத் உயிர் நீத்தார். தம் அன்பு அழிவு தரும் என்று அஞ்சியவர், அவ்வன்பினால் ஒருவரைப் பதினைந்து ஆண்டுகள் மகிழ்வித்திருந்தார். இராபர்ட் 1889 வரை வாழ்ந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை.