சாம்பல் கலந்தால் கான்கிரீட் பலம் குறையுமா? 1756-லேயே விடை தேடிய ஜான் ஸ்மீட்டன்

நெய்வேலி அனல்மின் நிலையங்களில் பழுப்பு நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சும் உலர் சாம்பல், சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் மூட்டையில் அதன் பங்கு 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். வீடு கட்டுறவங்களுக்கு உடனே வரும் சந்தேகம், இதனால் பலம் குறையுமா என்பதுதான். சுமார் 270 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இங்கிலாந்துக்காரர் இதேபோன்ற கலவையை நம்பி, நடுக்கடலில் கலங்கரை விளக்கம் கட்டினார்.

யார் இந்த ஸ்மீட்டன்?

1724-ல் லீட்ஸ் நகருக்கு அருகே ஆஸ்தார்ப்பில் பிறந்தவர். அப்பா வக்கீல். மகனையும் சட்டம் படிக்க லண்டனுக்கு அனுப்பினார். மகனுக்கோ கருவிகள் மேல்தான் ஆசை. சட்டத்தை விட்டுவிட்டு, அளவைக் கருவிகள் செய்யும் தொழிலில் இறங்கினார். 1753-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

கடல் வைத்த பரீட்சை

பிளைமவுத் அருகே கடலுக்குள் இருக்கிறது எடிஸ்டோன் பாறை. அங்கிருந்த முதல் கலங்கரை விளக்கத்தை 1703 புயல், கட்டியவரோடு சேர்த்தே அடித்துச் சென்றது. அடுத்தது 1755-ல் தீயில் போனது. மூன்றாவதைக் கட்டும் பொறுப்பு ஸ்மீட்டனிடம் வந்தது.

சாதாரண சுண்ணாம்புக் காரை தண்ணீருக்குள் இறுகாது. அதனால் பல ஊர்ச் சுண்ணாம்பைக் குழைத்து, சின்னச் சின்ன உருண்டைகளாக்கித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லில் செய்ததுதான் நன்றாக இறுகியது. அதோடு இத்தாலியின் எரிமலைச் சாம்பலைச் சம அளவில் சேர்த்தார். 1759 அக்டோபரில் விளக்கு எரிந்தது.

கோபுரம் 120 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. கடைசியில் அரித்துப்போனது அடியிலிருந்த பாறைதான். மேல்பகுதியைக் கழற்றி பிளைமவுத் கரையில் மறுபடி நிறுத்தினார்கள். அடிப்பகுதி இன்றும் பாறையில் இருக்கிறது.

சிவில் இன்ஜினீயர் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஸ்மீட்டன், 1771-ல் பொறியாளர்களுக்கான சங்கத்தையும் தொடங்கினார். 1792-ல் சொந்த ஊரில் இறந்தார்.

சாம்பல் என்ன செய்கிறது?

சிமென்ட்டும் தண்ணீரும் சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது. சாம்பலில் உள்ள சிலிக்கா அதோடு வினைபுரிந்து கூடுதல் பிணைப்பை உண்டாக்குகிறது. எரிமலைச் சாம்பலும் அனல்மின் நிலையச் சாம்பலும் செய்வது இதே வேலைதான். லிக்னைட் சாம்பலில் பொதுவாகச் சுண்ணாம்புச் சத்தும் அதிகம்.

ஆனால் இந்த வினை மெதுவாகத்தான் நடக்கும். 7-வது நாளில் பலம் கொஞ்சம் பின்தங்கும். தரமான சாம்பல், சரியான அளவு, போதுமான ஈரம் மூன்றும் இருந்தால் 28 நாளில் நெருங்கிவிடும். சில மாதங்களில் சாதாரண சிமென்ட் கான்கிரீட்டை முந்தவும் செய்யும்.

அதனால்தான் ஐஎஸ் 456 விதி, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் கியூரிங் கேட்கிறது, கலப்புச் சிமென்ட்டுக்கு 10 நாள். வெயில் காலத்தில் 14 நாள் விடுவது நல்லது. அவசரப்பட்டு சென்ட்ரிங்கைப் பிரித்துவிட்டு, தண்ணீரும் விடாமல் இருந்தால், பழியைச் சாம்பல் மேல் போட முடியாது.