மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

நினைத்த மாத்திரத்தில் கவி பாடும் ஆற்றல் சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த பேறு என்று உலகத்தார் கூறுவர். அப்பேற்றின் பின்னே மறைந்து நிற்கும் உழைப்பைக் கண்டறிந்து போற்றுவோர் மிகச் சிலரே. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுத இயலாது களைக்கும்படி செய்யுள் பொழிந்த புலவர் ஒருவர் சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆவர்.

இவர் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை தமிழ்ப் புலமை உடையவர். சிறுவர்களுக்குப் பாடம் கற்பித்து வந்தவர். மதுரையில் எழுந்தருளியுள்ள இறைவனிடத்தில் அவர் கொண்டிருந்த பேரன்பே மைந்தருக்கு இப்பெயர் அமையக் காரணமாயிற்று. தந்தையாரே இவருக்கு முதல் ஆசிரியராக இருந்து நிகண்டு முதலிய கருவி நூல்களைக் கற்பித்தார். ஆயினும் அவர் மைந்தரின் இளமையிலேயே காலமானார். குடும்பச் சுமை இவர்மீது விழுந்தது. எனினும் கல்வியில் இவர் கொண்ட வேட்கை சிறிதும் தணியவில்லை.

அக்காலத்தில் அச்சுப் புத்தகங்கள் அருகியே கிடைத்தன. ஒரு நூலைக் கற்க விரும்புவோர் அதன் ஏட்டுச் சுவடி யாரிடத்தில் உள்ளது என்று முதலில் வினவி அறிதல் வேண்டும். பின்பு அவரை வணங்கி இரவலாகப் பெற்றுத் தம் கையாலேயே படியெடுத்துக்கொள்ளுதல் வேண்டும். அணியிலக்கணம் கூறும் தண்டியலங்காரத்தைப் பாடங்கேட்க விரும்பிய பிள்ளையவர்கள், அந்நூலைக் கற்றிருந்த பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளிக்கு வந்திருத்தலை அறிந்தார். அவரோ தெருத்தோறும் பிச்சை ஏற்று உண்பவர். பிள்ளையவர்கள் அதனை இழிவாகக் கருதாமல், அவர் செல்லும் தெருக்களிலெல்லாம் உடன் சென்று, அவருக்கு வேண்டிய பணிகளைச் செய்து, மனமகிழ்வித்து, அந்நூலைப் பாடங்கேட்டார். கற்றார் எவராயினும் அவரை நாடிச் செல்லுதலே இவர் இளமைக் காலத்து வழக்கமாக இருந்தது.

இவ்வாறு பல்லாண்டுகள் ஓதிய நூல்கள் இவர் நெஞ்சில் கல்லில் பொறித்த எழுத்தைப்போல் நிலைபெற்றன. பின்னாளில் திருவாவடுதுறை ஆதீனத்துத் தலைவராக விளங்கிய அம்பலவாண தேசிகர் இவருடைய புலமையை வியந்து மகாவித்துவான் என்னும் பட்டத்தை வழங்கினார். இவர் இயற்றிய தலபுராணங்கள் 22. பிள்ளைத்தமிழ் நூல்கள் 10. அந்தாதி, மாலை, கோவை, கலம்பகம், உலா, தூது எனப் பிறவகைச் சிற்றிலக்கியங்களும் பலவாம். பெரிய புராணம் பாடிய சேக்கிழார்மீது இவர் இயற்றிய பிள்ளைத்தமிழ் புலவர் பலரால் பாராட்டப்பெறுவது.

இத்துணை நூல்களை இவர் எவ்வாறு இயற்றினார் என்பது அறிந்து இன்புறத்தக்கது. ஓர் ஊரார் தம் ஊர்க் கோயிலுக்குத் தமிழில் புராணம் வேண்டுமென்று வந்து கேட்பர். பிள்ளையவர்கள் இசைந்தவுடன், அத்தலத்தைப் பற்றி வடமொழியில் உள்ள வரலாற்றை அம்மொழி வல்லாரைக்கொண்டு தமிழ் உரைநடையாக எழுதுவித்துப் பெற்றுக்கொள்வார். அதனைப் பலமுறை படிக்கச் செய்து மனத்தில் பதித்துக்கொண்டு, இன்ன செய்தியை இன்ன படலத்தில் அமைத்தல் வேண்டும் என்று வகுத்துக்கொள்வார். நாட்டுப் படலமும் நகரப் படலமும் இவருடைய கற்பனைக்கு விளைநிலங்கள். காவிரி பாயும் கழனியும் சோலையும் இவர் கண்டு வளர்ந்த காட்சிகள் அல்லவா?

பாடுங்காலத்தில் பிள்ளையவர்கள் தாமே எழுதுவதில்லை. மாணவர் ஒருவர் ஏடும் எழுத்தாணியும் கொண்டு அருகில் அமர்வார். இவர் சிறிது நேரம் சிந்தனையில் இருப்பார். செய்யுளின் உருவம் மனத்தில் அமைந்ததும், முன்னரே மனப்பாடம் செய்த பாட்டை ஒப்பிப்பவரைப்போலத் தடையின்றிச் சொல்லத் தொடங்குவார். எதுகையைத் தேடித் தயங்குதலும், சொன்னதை அழித்து வேறு சொல்லுதலும் அரியன. ஒரு செய்யுளை எழுதி முடிப்பதற்குள் அடுத்த செய்யுள் இவர் நாவில் வந்து நிற்கும். எழுதுபவர் கை ஓயும். சொல்பவர் நா ஓயாது. இடையே யாரேனும் வந்து உரையாடினால் அவரை முகமலர்ந்து வரவேற்றுப் பேசுவார். அவர் சென்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். செய்யுள் செய்வதற்கென்று தனியறையோ தனிமையோ இவருக்கு வேண்டியிருக்கவில்லை. மாணவர் சூழ்ந்த திண்ணையே இவருக்குக் கவிமண்டபமாயிற்று.

புதிய நூலை அறிஞர் அவையில் படித்துப் பொருள் கூறி ஏற்கச் செய்தலை அரங்கேற்றம் என்பர். திருப்பெருந்துறைப் புராணத்தைப் பிள்ளையவர்கள் அத்தலத்திலேயே அரங்கேற்றினார். நூலின் ஒரு பகுதியே முன்னர் முடிந்திருந்தமையால், எஞ்சிய பகுதியை அங்கேயே தங்கி நாள்தோறும் பாடி, உடனுக்குடன் அவையில் அரங்கேற்றி வந்தார். நிறைந்த கல்வி உடையார்க்கன்றி இத்துணிவு பிறர்க்கு வாராது.

கவி பாடுதலினும் பாடஞ்சொல்லுதலையே இவர் பெரிதும் விரும்பினார் எனலாம். பொருள் பெற்றுக்கொண்டு கற்பிக்கும் வழக்கம் இவரிடம் இல்லை. வறிய மாணவர்க்கு உணவளித்துத் தம்முடனேயே வைத்துக் காத்தார். சாதி சமய வேற்றுமையும் பாராட்டவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார், கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை, இசுலாமியராகிய நாகூர் குலாம் காதிறு நாவலர், அந்தணராகிய உ. வே. சாமிநாதையர் ஆகிய பலரும் இவரிடம் பயின்றனர். நீதிபதியாகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இவருடைய உற்ற நண்பர். அவர்மீது இவர் பாடிய நூலே குளத்துக்கோவை. நூல்களால் கிடைத்த பரிசில் இவருடைய கையில் தங்குவதில்லை. வந்த பொருள் மாணவர்க்கும் விருந்தினர்க்கும் செலவாயிற்று. கடன் மட்டும் எஞ்சியது. புகழ் ஓங்கிய முதுமையிலும் வறுமை இவரை விட்டு நீங்கவில்லை.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1ஆம் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் இறைவனடி சேர்ந்தார். இறுதி வேளையில் சவேரிநாத பிள்ளை இவரைத் தம் மார்பில் தாங்கிக்கொண்டிருந்தார். சாமிநாதையர் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை ஓதினார். வாழ்நாள் முழுதும் தாம் சொல்லப் பிறர் எழுதக் கேட்டிருந்த பெரியார், கடைசியாக மாணவர் ஓதத் தாம் கேட்டு அமைதியுற்றார்.

காலம் மாறிற்று. தலபுராணங்களைக் கற்பார் தொகை குறைந்தது. ஒரு காலத்தில் ஊர்தோறும் அவை கூட்டிக் கேட்கப்பெற்ற இவர் நூல்களுள் பல இன்று புலவர் சிலராலேயே படிக்கப்படுகின்றன. அதனால் இவருடைய உழைப்பு வீணாயிற்று என்று கூறுதல் பொருந்துமா? 1871ஆம் ஆண்டு முதல் இவரிடம் பயின்று, இவர் சொன்ன பாடல்களை ஏட்டில் எழுதிப் பழகிய சாமிநாதையரே பின்னர்ச் சீவக சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் சுவடிகளினின்று மீட்டு அச்சேற்றினார். செல்லரித்த ஏடுகளில் சிதைந்து கிடந்த செய்யுளின் உண்மை வடிவத்தை அவர் உய்த்துணர்வதற்கு, ஆசிரியரின் அருகமர்ந்து பெற்ற பயிற்சி பெருந்துணையாயிற்று. அந்நன்றியை மறவாத அவர், தம் முதுமையில் ஆசிரியர் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்.

ஒரு புலவருடைய படைப்பு அவர் இயற்றிய நூல்களோடு முடிவதன்று. அவர் உருவாக்கிய மாணவர்களும் அவருடைய படைப்புகளே ஆவர். தெருவில் பிச்சையேற்றவர் பின்சென்று கல்வி பெற்ற பிள்ளையவர்கள், தம்மை நாடி வந்தோர்க்கெல்லாம் அதனை வாரி வழங்கினார். தாழ்ந்து கற்றலும் தயங்காது வழங்கலும் இப்பெரியாரிடத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ளத்தக்க நற்பண்புகளாம்.